புயலில் அணையும் கம்ப்யூட்டர்

அலுவலகத்தில் அவளுக்கு ‘லைன்ல இருங்க அக்கா’ என்று பெயர். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற கம்பெனியில் வரவேற்பு மேஜை அவளுடையது. போனில் யாராவது குரலை உயர்த்தினால் போதும், “கொஞ்சம் லைன்ல இருங்க” என்று சொல்லி அந்தக் கூச்சலை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவாள். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நழுவுவதற்குச் சம்பளமும் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்!

வீட்டில் அப்படி மாற்றிவிட ஆள் கிடையாது. புருஷன் தொண்டையைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். அவர் குரல் ஏற ஏற, அவளுக்கு ஏதாவது அவசர வேலை முளைத்துவிடும். அடுப்பில் பால் இருக்கும், குழாய் சொட்டும். மகள் வீட்டை விட்டுப் போன அன்றும் அப்படித்தான். அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை மகள் வேண்டாமென்றாள். அவர் அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். அம்மாக்காரியோ, மாடியில் துணி காய்ந்திருக்கும், எடுத்து வருகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் படியேறிவிட்டாள். இறங்கி வந்தபோது பெட்டியும் இல்லை, பெண்ணும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மகள் பேச்சையே எடுக்கக் கூடாதென்று உத்தரவு.

மகளின் அறையில் அவள் கேம் ஆடுகிற கம்ப்யூட்டர் மட்டும் மிஞ்சியது. தூசி தட்டப் போன அம்மா ஒரு நாள் என்ன நினைத்தாளோ, சுவிட்சைப் போட்டாள். திரையில் கடலும் ஒரு கப்பலும் வந்தன. எதையோ அமுக்கினாள், கப்பல் போய்ப் பாறையில் மோதியது. கொஞ்ச நேரத்தில் திரையோரத்தில் எழுத்து ஓடியது: ‘என் அக்கவுண்ட்ல யாரு?’ அவள் ஒற்றை விரலால் ‘அம்மா’ என்று தட்டினாள். பிறகு, ‘முதல்ல கப்பலைப் பின்னாடி எடும்மா’ என்று வந்தது.

அதன்பின் மகள் வேறு அக்கவுண்டில் வர, ஞாயிறு தவறாமல் இருவரும் ஒரே கப்பலில் போனார்கள். சுக்கான் அம்மாவிடம், பாய்மரம் மகளிடம். ஹெட்போனில் மகள் பேசுவாள், இவள் வாய்க்குள்ளேயே ‘ம்’ கொட்டுவாள். ஹாலில் டிவி பார்க்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டிக்கு இந்த வயதில் விளையாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பு. “கப்பல் கரை சேந்துச்சா?” என்று கிண்டலடிப்பார். கூடப் பயணம் செய்வது யாரென்று தெரிந்தால் கம்ப்யூட்டரும் வாசலுக்குப் பறக்கும்.

பிறகு கேமின் புதுப் பதிப்பு வந்தது. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற பழைய கிராஃபிக்ஸ் கார்டில் அது ஓடாதென்று மகள் பெரிய கார்டு ஒன்றை அம்மாவின் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தாள். பவர் சப்ளையையும் மாற்றச் சொன்னாள். பழையது நானூற்றைம்பது வாட்ஸ்தான், தாங்காது என்று படித்துப் படித்துச் சொன்னாள். கார்டை அம்மா வீடியோ பார்த்து எப்படியோ செருகிவிட்டாள். பவர் சப்ளை, அந்தப் பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இரும்பு டப்பா. அதைத் தொட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பக்கத்துக் கடையில் விசாரித்தாள். பழசே போதும் என்றான் கடைக்காரன். அவள் கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தானே!

அமைதியான கடலில் போதும்தான். ஆனால் கேமில் புயல் வந்து, மழையும் மின்னலும் அலையும் ஒன்றாகச் சேரும்போது, பட்டென்று எல்லாம் அணைந்துவிடும். மகளுக்கோ புயலில்தான் வாய் திறக்கும். கை இரண்டும் வேலையாகவும் கண் திரையிலும் இருந்தால்தான் மனதில் கிடப்பதைச் சொல்ல வரும்போல. “அன்னிக்கு நடந்ததைப் பத்தி ஒண்ணு கேக்கணும்மா” என்று ஆரம்பித்தாள், அணைந்தது. அடுத்த வாரமும் அதே புயல், அதே பேச்சு, அதே இடத்தில் அணைந்தது. மறுபடி போட்டு உள்ளே வந்தபோது மகளின் குரல் கல் மாதிரி இருந்தது.

“நீயேதான் ஆஃப் பண்றம்மா. உன்னை எனக்குத் தெரியாதா? அடுத்த வாரமும் இப்படிப் போயிட்டேன்னா, அப்புறம் நான் வரமாட்டேன்.”

தான் அணைக்கவில்லை என்று சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்? ஆயுசு முழுக்க நழுவியவள், நழுவாமல் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மாட்டிக்கொண்டாள். அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் ஆளை மாற்றி ஆளுக்கு லைன் கொடுத்து மேனேஜரிடம் திட்டு வாங்கினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் தூரத்தில் இருந்த பெரிய கடைக்குப் போனாள். கார்டின் பெயர், பிராசஸரின் பெயர் எல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தாள். கடைக்காரர் பளபளவென்று விளக்கெரிகிற டப்பா ஒன்றைத் தூக்கி வைத்தார். வேறு நாளாக இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். இன்று கால் நகரவில்லை.

“புயல் வந்தா அணையக் கூடாது சார்,” என்றாள். “அணைஞ்சா என் பொண்ணு போயிடுவா.”

அவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். விளக்கு டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விளக்கும் இல்லாத மினுக்கும் இல்லாத கனமான ஒன்றை இறக்கினார். எழுநூற்றைம்பது வாட்ஸ். பெரிய காட்சி வந்தால் கார்டு திடீரென்று ஓர் இழு இழுக்கும், பழையதால் அந்த இழுப்பைத் தாங்க முடியாமல்தான் அணைகிறது, இது தாங்கும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: பழைய வயர் பொருந்துகிறதே என்று அதையே செருகிவிடக் கூடாது, கருகிப் போகும். இந்த டப்பாவோடு வருகிற வயர்தான் இதற்கு.

ஞாயிறு காலை புருஷன் கடைத்தெருவுக்குப் போன பிறகு கதவைச் சாத்தினாள். சுவிட்சை அணைத்தாள், வயரையும் பிடுங்கினாள், அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய டப்பாவை ஒவ்வொரு வயராகக் கழற்றினாள். புதியதை ஒவ்வொரு வயராக மாட்டினாள். கடைசியில் சுவிட்சைப் போடும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காற்றாடி சுற்றியது. பெரிய கெட்டிக்காரிதான், போங்கள்!

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. ஹாலில் டிவி அலறிக்கொண்டிருந்தது. மகள் அதிகம் பேசவில்லை. வானம் கறுத்தது, மின்னல் வெட்டியது, கப்பல் உயரத்துக்கு அலை எழும்பியது. பெட்டிக்குள் காற்றாடி இரைந்தது. அவள் சுக்கானை விடாமல் திருப்பிக்கொண்டிருந்தாள். அணையவில்லை.

“இருக்கியாம்மா?”

“ம்.”

“அன்னிக்கு மாடிக்குப் போனியே. துணி காஞ்சிருந்துச்சா?”

அம்மாவின் இடது கை தானாகவே பெட்டியின் பின்பக்கம் போயிற்று. புது டப்பாவின் முதுகில் சின்ன சுவிட்ச் ஒன்று இருந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், மறுபடியும் அணைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். விரல் அதன்மேல் பட்டது. போன தடவைகளில் திரை அணைந்தபோது, பதறுவதற்கு முன்னால் ஒரு கணம் நிம்மதியாக இருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பெத்த பிள்ளையைவிட அந்த நிம்மதியா பெரிதாகப் போயிற்று! கையை இழுத்துக்கொண்டாள்.

“இல்ல,” என்றாள். “ஈரமாத்தான் இருந்துச்சு. சொட்டச் சொட்ட. எனக்குப் பயமா இருந்துச்சும்மா. உன்னை அங்க விட்டுட்டு நான் ஓடிட்டேன்.”

ஹெட்போன் காதை அடைத்திருந்ததால் குரல் அளவு தெரியவில்லை. சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஹாலில் டிவியின் சத்தம் குறைந்தது, பிறகு அடியோடு நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவிடுக்கின் வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. சமையலறையில் எதையாவது அணைக்க வேண்டியிருக்குமே என்று அவள் மனம் தேட ஆரம்பித்துவிட்டது.

“அம்மா, லைன்ல இருக்கியா?”

கதவின் கைப்பிடி திரும்பியது.

“இருக்கேம்மா,” என்றாள், எழுந்திருக்காமல். “நீ கேளு.”