அறுபத்தைந்து சென்டிமீட்டர் மண்டை

கை கால் முறிந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் மாவுக்கட்டு அக்கா. முப்பத்தோரு வருஷம் கட்டுப் போட்டவள். கத்துகிறவர்களைக் கத்த விட்டு, அடம்பிடிக்கிறவர்களை ஒரு அதட்டல் போட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பெரிய டாக்டரே ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது, ஆட்டாமல் வைக்கத் தெரியாதா, சின்னப் பிள்ளையா நீங்கள் என்று கேட்டவள்.

ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை பார்த்தவர்கள் அவளுக்கு ஒரு தொப்பி பரிசளித்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தாள். புருவத்தைத் தாண்டிக் கண் வரைக்கும் இறங்கியது. வந்திருந்த நாத்தனார் அவளை ஒருமுறை சுற்றி வந்து, பானையை மூடி வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று இவள் வாயைக் கொடுத்தாள்.

"செஞ்சு காட்டுங்க அண்ணி, பார்ப்போம்" என்றாள் நாத்தனார்.

அந்தப் 'பார்ப்போம்'தான் வினை. மறுவாரமே, ஐம்பத்தெட்டு வயதில், தொப்பி செய்யும் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

டீச்சருக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். ஒடிசலான உடம்பு. எந்நேரமும் உதடுகளுக்கு நடுவே நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியிருப்பாள். அப்படியே பாடமும் நடத்துவாள். பாதி புரியும். மீதியை மாணவிகள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அவளுக்குக் குண்டூசி டீச்சர் என்று பெயர் விழ ஒரு நாள்கூட ஆகவில்லை.

வேலை என்னவோ கேட்பதற்குச் சுலபம்தான். கோயில் மணி வடிவத்தில் கெட்டியான கம்பளி ஒன்று தருவார்கள். அதைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டி இளக்கி, மரத்தில் செதுக்கிய தலை ஒன்றின் மேல் இழுத்து மாட்டி, கயிற்றால் இறுக்கிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் மரத்தலையின் வடிவம் கம்பளிக்கு வந்துவிடும். அக்கா முதல் நாளே, நழுவிய தோள்பட்டையை இழுத்துப் பொருத்துகிற வேகத்தில் ஒரு இழு இழுத்தாள். கம்பளி கிழிந்து மரத்தலையின் உச்சி வெளியே எட்டிப் பார்த்தது.

டீச்சர் வாயிலிருந்து ஊசிகளை எடுத்தாள். ஊசியை எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"கொஞ்சம் மெதுவா இழுங்கம்மா."

"மெதுவா இழுத்தா எலும்பு சேராது டீச்சர்."

"இதுல எலும்பு இல்லம்மா."

தையல் அதைவிட மோசம். விரலில் மாட்டுகிற அங்குஸ்தானை இரண்டாம் நாளே தொலைத்தாள். தொப்பியின் விளிம்புக்குள் கம்பி வைத்துத் தைக்கச் சொன்னால், கம்பி துணியைப் பொத்துக்கொண்டு வந்து பக்கத்து மேஜைக்காரியின் முழங்கையைக் கீறியது. அந்தக் காயத்துக்குப் போட்ட கட்டு மட்டும் அவ்வளவு நேர்த்தி. பக்கத்து மேஜைக்காரி இரண்டு வாரம் அதைக் கழற்றாமல் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். இருவரும் சிநேகிதமானது அப்படித்தான்.

இறுதித் தேர்வுக்கு நிஜமான ஒரு தலைக்குத் தொப்பி செய்ய வேண்டும், அந்தத் தலையைத் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டும் வர வேண்டும். அக்கா தன் கணவரின் தலையைத் தேர்ந்தெடுத்தாள். அவர் வீடு வீடாக நடந்து தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியே வேலைக்காலம் முழுவதையும் வெயிலில் கழித்தவர். எந்தக் கடைத் தொப்பியும் அவர் தலையில் இறங்காது. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கைக்குட்டைதான் அவருக்குக் குடை. அளந்து பார்த்தால் அறுபத்தைந்து சென்டிமீட்டர். வகுப்பிலிருந்த மரத்தலைகளில் பெரியதே அறுபத்தொன்றுதான். போதாக்குறைக்கு இடப்பக்கம் ஒரு புடைப்பு. மூளை அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. மாமியார் பிள்ளையை ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டதன் பலன் என்பது அவள் கட்சி.

வேறு தலை பார்க்கும்படி டீச்சர் சொன்னாள்.

"முப்பத்தி நாலு வருஷமா இந்தத் தலையோடதான் மாரடிக்கிறேன் டீச்சர். இப்பப் போய் வேற தலைக்கு நான் எங்க போறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கணவரைச் சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். அந்தத் தலையை அப்படியே அச்செடுக்க மாவுக்கட்டுத் துணியை நனைத்து, புருவத்துக்கு மேலிருந்து பிடரி வரை, உச்சியையும் மூடி நாலு சுற்றுச் சுற்றினாள். ஆஸ்பத்திரியில் என்றால் முதலில் பஞ்சு வைப்பார்கள். பஞ்சு வைத்தால் அளவு தப்பிவிடும் என்று வைக்கவில்லை. வழுக்கையில் மட்டும் எண்ணெய் தடவியிருந்தாள். அதைச் சுற்றி வேலி போட்டிருந்த மிச்ச முடியை மறந்துபோனாள். இது திரும்பக் கழன்றுவிடுமா என்று அவர் கேட்டதற்கு, கழலாமல் எங்கே போகும் என்றாள்.

கழலவில்லை. இருபது நிமிஷத்தில் கல்லாக இறுகி, முடியைக் கவ்விக்கொண்டது. அவள் ஸ்டூலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கழுத்தும் தன்னுடையதுதான் என்று அவர் நினைவுபடுத்தினார். அவள் கண் கத்திப் பக்கம் போனதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார்கள். வெள்ளை வெளேரென்று தலையில் கட்டோடு ஏறியவரைப் பார்த்து மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்த பெண்மணி என்ன ஆச்சு என்று விசாரித்தாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வீட்டுல ஒரு சின்னத் தகராறு" என்று சொல்லிவிட்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. இப்படி அடி வாங்கும் ஆண்களுக்கும் இப்போது சட்டம் இருக்கிறது என்று அந்தப் பெண்மணி அவர் காதருகில் எடுத்துச் சொன்னாள். அவர் சோகமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

கட்டுப் போடும் அறையில் இப்போது பொறுப்பிலிருந்தவள் முன்பு அக்காவுக்கு உதவியாளாக இருந்தவள். இவர்களைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுத்தான் வெட்டுகிற மெஷினை எடுத்தாள்.

"பஞ்சு வைக்காமக் கட்டுப் போட்டா என்ன ஆகும்னு நீங்கதானே அக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

"அது கைக்கு" என்றாள் அக்கா.

இரண்டு பாதியாக வெட்டியெடுத்த கட்டு, கணிசமான முடியோடு வந்தது. அவள் அதை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள். பாதிகளை ஒட்டி, உள்ளே எண்ணெய் தடவி, கட்டுப் போடுகிற மாவைக் கரைத்து ஊற்றினாள். இந்தத் தடவை எண்ணெயில் குறை வைக்கவில்லை. நாலு நாள் கழித்து உடைத்துப் பார்த்தபோது, கணவரின் தலை புடைப்போடு அப்படியே மேஜை மேல் இருந்தது. ஆவி இறங்காமலிருக்க வார்னிஷ் அடித்து, அதன் மேல் கரும்பச்சைக் கம்பளியை இழுத்து மாட்டினாள். மெதுவாகத்தான் இழுத்தாள்.

தேர்வுக்கு மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தொப்பியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதே என்றார். போட்டுப் பார்த்தால் தெரியும் என்றாள் அக்கா. அவர் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். மூக்கு வரை இறங்கியது. உள்ளேயிருந்து ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. டீச்சர் அதை மரியாதையாக எடுத்து அக்காவின் கணவர் தலையில் வைத்தாள்.

உட்கார்ந்தது. இடப்பக்க வீக்கத்துக்குள் இடப்பக்கப் புடைப்பு போய்ப் பொருந்தியது. எதிரே இருந்த கண்ணாடியில் அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது கேலி பேசுவார் என்று அக்கா காத்திருந்தாள். அவர் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார், வெளியே போய்விட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

திரும்பி வரவில்லை. தையலை அளக்க வேண்டும், தொப்பி எங்கே என்று தேர்வாளர் கேட்டபோது அக்கா தேடிக்கொண்டு போனாள். பக்கத்தில் நல்ல நிழல் இருந்தும், வாசலில் உச்சி வெயிலில் நின்று வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் தள்ளியே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று சொன்னாள்.

பொருத்தத்துக்கு முழு மதிப்பெண். தையலுக்கு முப்பதுக்குப் பதினொன்று. டீச்சர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள்.

"தையல் கேவலம்மா. ஆனா இந்த மாதிரி தலை செய்ய எனக்கு வராது. நம்ம வகுப்புக்கு நாலு செஞ்சு தர்றீங்களா?"

நாலு தலையில் ஆரம்பித்தது. இப்போது சைக்கிள் கடைக்கு மேலே அக்காவும் பக்கத்து மேஜைக்காரியும் ஒரு அறை எடுத்திருக்கிறார்கள். தலை அக்காவின் பொறுப்பு, தையல் மற்றவளின் பொறுப்பு, ஊசியை அக்கா தொடுவதே இல்லை. ஒரு காது ஏறி ஒரு காது இறங்கியவர்கள், ஆபரேஷனில் மண்டை குழிந்தவர்கள், கடைக்காரரிடம் அளவு சொல்லக் கூச்சப்பட்டே காலத்தை ஓட்டியவர்கள் என்று தேடி வருகிறார்கள். அலமாரியில் இருபத்தாறு தலைகள் வரிசையாக இருக்கின்றன. வருகிறவர்கள் அவற்றையெல்லாம் பார்த்து, பாவம், யாருக்கோ எப்படிக் கோணலாக இருக்கிறது என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அது அவர்களுடையதாகவே இருந்தாலும் அக்கா ஆமாம் என்றுதான் சொல்வாள்.