நேற்றைய மீன் நிலவரம்

1

2006-ல் நான் கம்பத்திலிருந்து விழுந்தேன். சிதம்பரத்தில் ஒரு லோக்கல் கேபிள் டிவியில் லைன்மேன் வேலை. ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திறந்தால் உள்ளே குளவிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மூன்று மாதம் காலில் கட்டோடு கிடந்துவிட்டு, நொண்டி நொண்டி ஆபீசுக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்.

"கம்பம் ஏறுவியா?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு மொதலாளி."

"வாய்க்கு ஒண்ணும் அடிபடலியே? அப்ப மீன் நிலவரம் படி."

ஒரு வலைக்கடைக்காரர் விளம்பரம் தருவதாகச் சொல்லியிருந்தார். தினமும் காலை ஆறே முக்காலுக்கு 'இன்றைய மீன் நிலவரம்', நேரலை, ஐந்து நிமிடம். வீராணம், பெருமாள் ஏரி, கொள்ளிடம், வெள்ளாறு என்று எங்கே என்ன மீன் படுகிறது என்று சொல்ல வேண்டும். எங்கள் சேனல் கடலூரில் தெரியாது. ஆனாலும் முதலாளியம்மா பிறந்த வீடு கடலூர் செம்மண்டலம் என்பதால் அங்கே ஓடும் கெடிலத்தையும் விட முடியாது.

"நிலவரம் தப்பாச்சுன்னா நிகழ்ச்சி கட்டு. அப்புறம் உனக்குக் குடுக்க எங்கிட்ட கம்பம்தான் இருக்கு" என்றார்.

எட்டாவது படித்த எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? கம்பம் நிற்கும் பக்கமே போகாமல் தெருவைச் சுற்றிப்போன காலம் அது. நிகழ்ச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

2

மீன் பிடிக்கிறவர்கள் மீனைப் பற்றி உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வீராணத்தில் வலை போடும் தணிகாசலம் அண்ணனுக்கு தினமும் போன் செய்வேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. வல சும்மாதான் வருது. பாசிதான் படுது."

பின்னால் கெண்டை துள்ளும் சத்தம் போனிலேயே கேட்கும். கொள்ளிடத்துக்காரர் தண்ணீர் ஜாஸ்தி என்பார், வெள்ளாற்றுக்காரர் தண்ணீரே இல்லை என்பார். இவர்கள் சொன்னதை நம்பிப் படித்தால் மாவட்டத்தில் ஒரு மீன்கூட இருக்காது.

நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். லால்பேட்டையில் ஜமால் பாய் ஐஸ் வியாபாரம். விடியற்காலையில் வலை இழுத்ததும், மீன் எவ்வளவோ அவ்வளவுக்கு ஐஸ் வாங்க வியாபாரிகள் அவரிடம்தான் வருவார்கள். மனிதன் பொய் சொல்வான், ஐஸ் சொல்லாது.

"பாய், இன்னைக்கி எத்தன பாரு ஐஸு போச்சு?"

"ரெண்டு."

அன்று 'வீராணத்தில் மீன்பாடு குறைவு' என்பேன். எட்டு பார் என்றால் 'அமோகம்'. ஒரு வருடம் போல இது பிசகவே இல்லை. தெருவில் என்னை 'மீன் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் இருபது பார் என்றார். நேரலையில், "வீராணத்தில் இதுவரை காணாத மீன்பாடு! பையோடு கிளம்புங்கள்!" என்று கத்தினேன். கிளம்பச் சொல்வது என் வேலையே இல்லை.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஒயர் கூடையாம். ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். மகள் போனில் சொன்னதைக் கேட்டு முதலாளியின் மாமனார் செம்மண்டலத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். தணிகாசலம் அண்ணன் வலையில் அன்று நிஜமாகவே பாசிதான். மீனை ஒளித்துவைத்துவிட்டார் என்று கூட்டம் அவரை ஏசித் தீர்த்து, படகையும் கவிழ்த்துப் பார்த்திருக்கிறது.

நான் பாய்க்கு போன் போட்டேன்.

"இருபது பாரும் எங்க பாய் போச்சு?"

"காட்டுமன்னார்கோயில் கல்யாண வீட்டுக்கு. சர்பத்துக்கு."

"காலையில சொல்லக் கூடாதா?"

"நீ எத்தனன்னு கேட்ட. யாருக்குன்னு கேக்கலியேப்பா."

முதலாளி என்னைத் திட்டவில்லை. கம்பத்தில் ஏறி ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

4

மறுநாள் கேமரா முன்னால் உட்கார்ந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நேற்று நான் சொன்னது தப்பு. ஐஸ் போவதை வைத்துத்தான் இவ்வளவு நாளும் சொன்னேன். நேற்றைய ஐஸ் கல்யாண சர்பத்துக்குப் போனது. வீராணத்தில் மீன் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. தணிகாசலம் அண்ணன் எதையும் ஒளிக்கவில்லை. அவரைத் திட்டியவர்கள் என்னைத் திட்டுங்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால் தணிகாசலம் அண்ணனின் போன்.

"டீக்கடையில பாத்தேன் தம்பி. தப்ப உன் மேலயே போட்டுகிட்டியே. இனிமே உனுக்கு நெசத்த சொல்றேன். இன்னைக்கி வெரா மீனு நல்லா படுது. ஆனா டிவில நாளைக்கிதான் சொல்லணும்."

"ஏன்ணே?"

"இன்னைக்கே சொன்னா ஊரே கரையில வந்து நிக்கும். நூறு பேரு பேரம் பேசினா வெல என்னாவறது? வித்து முடிச்சப்பறம் யாரு தெரிஞ்சிகிட்டா எனக்கென்னா?"

முதலாளியிடம் சொன்னேன். "நேத்து மீன இன்னைக்கி சொன்னா எவன்யா பாப்பான்?" என்று குதித்தார்.

"ஒரு வாரம் உடுங்க மொதலாளி. அப்பவும் வேணாம்னா நானே கம்பம் ஏறறேன்."

நிகழ்ச்சியின் பெயர் 'நேற்றைய மீன் நிலவரம்' ஆனது. ஒரு புகார் இல்லை. நடந்து முடிந்ததை யார் தப்பு என்பது? முன்பைவிடக் கூட்டமாகப் பார்த்தார்கள். "நேத்தே போய்யான்னு சொன்னேன்ல, வெரா மீனு கெடச்சிருக்கும்" என்று புருஷன் பெண்டாட்டி சண்டை போடவே ஐந்து நிமிடம் போதவில்லை. கொள்ளிடத்துக்காரரும் வெள்ளாற்றுக்காரரும்கூட உண்மை பேசத் தொடங்கினார்கள். வலைக்கடைக்காரர் விளம்பரத்தை நீட்டித்தார்.

சேனல் வேலைக்கு வரும் பிள்ளைகளே, எத்தனை என்று கேட்டால் யாருக்கு என்றும் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், வேலை போய்விடாது. வாக்குக் கொடுத்துவிட்டால் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். அதுதான் கஷ்டம்.

ஒரு நாள் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

"மாமனார் வந்திருக்காரு. எனக்கு மட்டும் சொல்லு. இன்னைக்கி வீராணத்துல என்னா படுது?"

தணிகாசலம் அண்ணன் டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பை என் நாற்காலிக்குக் கீழே இருந்தது. உள்ளே இரண்டு விரால், உயிரோடு. பை ஒரு துள்ளு துள்ளியது. முதலாளி பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தெரியாது மொதலாளி. நாளைக்கிக் காலையில ஆறே முக்காலுக்குச் சொல்றேன்."