ஏரி முழுக்கக் கன்னியப்பனுக்கே

பதினோரு மாதம், தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு, முப்பத்திரண்டு பேருக்கு ரோஜாப்பூ அனுப்பினேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. பூவுக்குக் கீழே ஒரு பொன்மொழி இருக்கும். பொன்மொழி என் சொந்தச் சரக்கு. அதன் அடியில் பெரிய மனிதர்கள் பெயரைப் போட்டதுதான் குற்றம். ஊரே என்னைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்குகிறது என்ற நம்பிக்கையில், தினமும் அனுப்பம்பட்டிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்தேன்.

வேலை, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீனவர் கூட்டுறவுச் சங்க எழுத்தர். குப்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் சில வருடம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. இந்த நாற்காலிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

1. நோட்டீஸ் புத்தகம்

எங்கள் ஏரியில் இறால் வலையை நினைத்த இடத்தில் கட்டிவிட முடியாது. மழை விட்டு இறால் ஏறும் காலத்தில், ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி இடங்களைப் பிரித்துக்கொள்ளும். இதற்குப் பாடு என்று பேர். அந்த இரண்டு மாதம்தான் வருடத்துக்குச் சோறு. குலுக்கல் அமாவாசைக்கு முந்தின ஞாயிறு நடக்கவேண்டும். அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். அது அணைவதற்குள் வராதவனுக்கு இடம் கிடையாது. அவன் பேர் எழுதிய சீட்டும், அதோடு அவன் பங்கும், வந்தவர்களுக்குப் போய்விடும்.

தேதியை வீடு வீடாகப் போய்ச் சொல்லி, நோட்டீஸ் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது எழுத்தர் வேலை. முப்பத்திரண்டு வலைக்காரர்கள், மூன்று நாள். நடக்கிற தூரம் கொஞ்சம்தான். ஒரு வீட்டில் மருமகள் கதை, அடுத்த வீட்டில் மாமியார் கதை, இரண்டையும் கேட்டுவிட்ட பாவத்துக்கு மூன்றாவது வீட்டில் பஞ்சாயத்து. மணலில் செருப்பு வேறு அறுந்துபோகும்.

ஆகவே வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன். எல்லாரும் சேர்ந்தார்கள், கன்னியப்பனைத் தவிர. அவரிடம் இருந்தது பட்டன் போன். அதிலும் ஐந்தாம் நம்பர் பட்டன் வேலை செய்யாது. ஒருத்தருக்காக நடப்பானேன் என்று புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

2. கற்பூரம்

அந்த மாதம் அமாவாசை சீக்கிரமே வந்துவிட்டது. எல்லாரும் எதிர்பார்த்த ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னாலேயே குலுக்கல். குரூப்பில் போட்டேன், ஒரு ரோஜாவுக்கும் ஒரு பொன்மொழிக்கும் நடுவில்.

ஞாயிறு காலை பத்து மணி. கோயிலில் நானும் சங்கத் தலைவர் தேசிங்கும் சீட்டுப் பானையும். முட்டி வலியால் தலைவர் வலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. அவர் பேரில் சீட்டு இல்லை. வேறு ஒருவரையும் காணோம்.

"இன்னா சார், ஊர் காலியாயிடுச்சா?" என்றார்.

'உடனே வரவும்' என்று குரூப்பில் அடித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் நீல டிக் தெரியவில்லை. ஆறு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேர் ஏரிக்குள் இருந்தார்கள். போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. ஒருவர் பொன்னேரியில் கல்யாணச் சாப்பாட்டில். இன்னொருவர் ரீல்ஸ் பார்க்கும்போது குறுக்கே வந்த என் காலை வெட்டிவிட்டார். தலைவர் கற்பூர டப்பாவை அப்படியே தட்டில் கவிழ்த்தார். ஹோமம் மாதிரி எரிந்தது. அம்மனுக்கே வியர்த்திருக்கும்.

அப்போது துண்டை உதறிக்கொண்டு கன்னியப்பன் உள்ளே வந்தார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? புதன்கெழம அமாசை. அப்போ இன்னிக்குத்தானே சீட்டு?"

இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதான். குரூப்பில் வரும் என்று அத்தனை பேரும் வானத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார்கள்.

கற்பூரம் அணைந்தது. வந்தவர் ஒருவர். பானையில் இருந்த முப்பத்திரண்டு சீட்டும் அவருக்கே. ஒரே வலை வைத்திருந்த கன்னியப்பன் இறால் ஏறும் இடம் முழுவதையும் வேட்டி முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

3. குறுக்கே கோடு போட்ட மணி

என் குரூப் ஒரு வாரத்தில் செய்யாததைக் கன்னியப்பன் மனைவி எல்லம்மா குழாயடியில் ஒரு குடம் நிரம்பும் நேரத்தில் செய்தார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அவர் வாசலில் நின்றது. நடுவில் நான்.

சேதி போட்டேனே என்றேன். எங்கே என்றார்கள். தலைவர் எல்லார் போனையும் காட்டச் சொன்னார். முப்பத்தொரு போனிலும் சங்கக் குரூப்பின் பெயருக்குப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்ட மணி. அத்தனை பேரும் என்னை ம்யூட்டில் போட்டிருந்தார்கள். தலைவர் தன் போனை மட்டும் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

"தப்பா நெனச்சிக்காத சார். காலங்காத்தால டொய்ங்குனு பூவு. கொழந்த எழுந்துக்குது" என்றார் ஒருவர்.

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். ஆனால் அம்மன் முன்னால் நடந்ததை மாற்ற யாருக்கும் தைரியம் இல்லை. கன்னியப்பன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கூட்டத்தில் நின்ற தன் அண்ணன் ஏழுமலையைப் பார்த்தார்.

"உன் பொண்ணு நிச்சயத்த மைக்செட்டு சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சிக்கினேன். வேற யார் வூட்டு விசேஷமோன்னு நெனச்சிக்கினு வல பின்னிக்கினு இருந்தேன்."

"குரூப்ல போட்டேன்டா" என்றார் ஏழுமலை. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான்.

கன்னியப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"சீட்டு எனக்கு வாணாம். ஆனா மொத்தமா தரமாட்டேன். ஒவ்வொருத்தனா வூட்டுக்கு வா. உக்காரு. நாலு வார்த்த பேசு. உன் சீட்ட வாங்கிக்கினு போ."

புதன்கிழமைக்குள் எல்லாச் சீட்டும் பானைக்குத் திரும்பினால் மறுகுலுக்கல் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

4. நாலு வார்த்தை

யார் வந்தார்கள் என்று எழுத என்னைக் கன்னியப்பன் வீட்டில் உட்கார்த்தினார்கள். என் சர்வீஸில் அவ்வளவு சந்தோஷமான இரண்டு நாள் வேறு கிடையாது.

முதலில் வந்தவருக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து, "அப்புறம்?" என்றார். கன்னியப்பனும் "அப்புறம்?" என்றார். இப்படியே கால் மணி நேரம். அடுத்தவர் பழக்கதோஷத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மூன்றாமவர் தன் பைபாஸ் ஆபரேஷனைச் சட்டையைக் கழற்றிக் காட்டியபோதுதான் அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே பாதிப் பேருக்குத் தெரிந்தது. சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தாராம், எழுபது இதயம் வந்ததாம், ஆள் ஒருவரும் வரவில்லையாம். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. சீட்டை வாங்கியவர்களும் போகாமல் உட்கார்ந்தார்கள். பத்து வருடத்துக்கு முன் முடிந்துபோன ஒரு சண்டையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து ஆசையாகப் போட்டார்கள்.

கடைசியாக ஏழுமலை வந்தார், தட்டில் வெற்றிலை பாக்கோடு, மனைவியையும் அழைத்துக்கொண்டு. கல்யாணத் தேதியை வாயால் சொன்னார். தம்பிதான் பந்தல்கால் நடவேண்டும் என்றார். கன்னியப்பன் தட்டை வாங்கிக்கொண்டார். அண்ணன் பேர் போட்ட சீட்டை அதுவரை தனியாக மடித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. வேட்டியில் இல்லை, சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

புதன்கிழமை காலை முப்பத்திரண்டு பேரும் கோயிலில் இருந்தார்கள். கற்பூரம் ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே.

எனக்குக் கிடைத்த பாடம்: சேதியை அனுப்புவதோடு எழுத்தர் வேலை முடியாது, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவேண்டும். அதற்குச் செருப்பு அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

நெஞ்சு விம்ம, கன்னியப்பன் வீட்டுக்குப் போய் எல்லம்மாவிடம் சொன்னேன்: நெட் பிரித்துவைத்த ஜனங்களை உங்கள் வீட்டுக்காரர் ஒன்று சேர்த்துவிட்டார், இந்த ஊர் அவரை மறக்காது.

அவர் டீ டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஆளுக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கிக் குடு சார். இன்னொரு வாட்டி ஊரே வந்து உக்காந்துச்சுன்னா, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."