இடது அக்குளில் ஒரு பை

என் தங்கை கணவர் தையல்காரர். கடை திறந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருஷம், எதிரிப்படை ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது, அவர்கள் முகாமில் சீருடை தைத்தார். போர் முடிந்ததும், அவர்களுடைய பூட்ஸுக்குத் தையல் போட்ட செருப்புக்காரரையே ஊர்க்காரர்கள் மொட்டையடித்துத் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள். அதனால் மாப்பிள்ளை வெளியூருக்கு வைத்தியத்துக்குப் போயிருந்ததாகச் சொல்லிவைத்தோம். நகராட்சிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'ஊரில் இல்லை' என்று எழுதியவன் நான். நாற்பது வருஷ உத்தியோகத்தில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அவர் மகளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

போன மாதம் ஒரு சினிமாக் கம்பெனி வந்தது. எதிரிக்கு ஆள்காட்டியாக இருந்தவன் போருக்குப் பிறகு மந்திரியாகிற கதை. பழைய போட்டோ ஒன்றைக் காட்டி, எதிரிப்படைக் கோட்டு இருபது வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றால் கடையில் கூட இருக்கும் மகள் காரணம் கேட்பாள். ஒத்துக்கொண்டார்.

அளவு பார்க்க ஒரு கோட்டு போன மறுநாள் காலை, என் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மச்சான், கைப்பழக்கம் காலை வாரிடுச்சு. லைனிங்குக்குள்ள, இடது அக்குள்கிட்ட ஒரு ரகசியப் பை வைச்சுத் தைச்சுட்டேன். போட்டோவில அது தெரியாது. தைச்சவனுக்கும் போட்டவனுக்கும்தான் தெரியும்."

"வேற யார் பார்க்கப் போறாங்க?"

"படத்துக்கு ஆலோசகர்னு ஒருத்தர். எதிரியை எதிர்த்து ஜெயிலுக்குப் போன பெரிய மனுஷராம். ஒவ்வொண்ணையும் அவர்தான் சரிபார்க்கிறார்."

மற்ற கோட்டுகளில் பையைப் பிரித்தாயிற்று. போன கோட்டு மூன்று நாள் திரும்பவில்லை. அந்த மூன்று நாளில் மாப்பிள்ளை ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்தார், இன்னொன்றைப் பொசுக்கினார்.

நான்காம் நாள் மதியம் இரண்டே காலுக்கு ஆலோசகரே கோட்டோடு கடைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஹீரோவுக்கு இடுப்பு பத்தலையாம்."

"அவர் தொப்பை வளர்ற வேகத்துக்கு, படம் முடியறதுக்குள்ள இன்னும் ரெண்டு தடவை பிரிக்கணும் சார்," என்றாள் மகள்.

அவர் சிரித்தார். "தோள் மட்டும் கச்சிதம், பாருங்க," என்று கோட்டைத் தானே மாட்டிக்கொண்டார். அப்போது அவருடைய வலது கை, குனிந்துகூடப் பார்க்காமல், நேராக உள்ளே போய் அந்தப் பைக்குள் நுழைந்தது.

சிரிப்பு நின்றது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார்.

"இது வேண்டாம். பிரிச்சிடுங்க."

"பிரிச்சிடறேங்க."

கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். குடையை மறந்துவிட்டார்.

மகள் கோட்டுக்குள் கைவிட்டுத் துழாவினாள். பை அகப்படவில்லை. லைனிங்கைத் திருப்பிப் போட்டுத்தான் கண்டுபிடித்தாள்.

"இவ்வளவு மறைவா இருக்கு. அவருக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?"

மாப்பிள்ளை ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அவரை விடுங்கப்பா. உங்களுக்கு?"

நான் எழுந்தேன்.

"உக்காருங்க மச்சான்," என்றார். "நீங்களும் இருக்கணும்."

அன்று கடையை மூன்று மணிக்கே அடைத்தோம். முப்பத்தொரு வருஷத்தில் அப்படி அடைத்ததில்லை.