போக்கர் மேசையில் என் விசா

பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அப்பா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அதை என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. முதலில் சொன்னவன் அண்ணன். கப்பலில் சீஃப் ஆபீசர். கான்ட்ராக்ட் முடிந்து தூத்துக்குடிக்கு வருவான், மீன் குழம்பை ஒரு பிடி பிடிப்பான், "பொறுமையா இருளா. நீ நர்ஸு, அப்பாவ உன்ன மாதிரி யாரு பாப்பாங்க?" என்பான், மறுபடி கப்பலேறிவிடுவான். தம்பியும் கப்பல்தான். அவன் அதைக்கூடச் சொல்லமாட்டான்.

அம்மா இல்லாத வீடு. மூன்று வருஷம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்ததும், கழுவிவிட்டதும், சர்க்கரைக்கு ஊசி போட்டதும் நான். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. விசாவும் வந்துவிட்டது. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் செல்லாது.

கப்பலில் பழகிய போக்கரை அண்ணனும் தம்பியும் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். லீவில் சித்தப்பா மகன்களையும் சேர்த்துக்கொண்டு டோர்னமென்ட் நடக்கும். பணம் கிடையாது, பிளாஸ்டிக் காய்கள்தான். காய் தீர்ந்தவன் வெளியே. நான் டீ போடுகிற ஆள்.

விசாவைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் சீட்டைக் கலைத்துக்கொண்டே சிரித்தான். "எங்கள ஜெயிச்சிட்டுப் போளா. எங்க ரெண்டு பேர்ல எவன் முதல்ல வெளிய போறானோ, அவன் வீட்டுல இருந்து அப்பாவப் பாப்பான்."

என் படிப்பும் என் வயசும் அவனுக்கு ஒரு கை சீட்டு. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

போக்கரில் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகக் காய் வைக்கவேண்டிய முறை ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு இருவராக, மாற்றி மாற்றி. நேரம் ஆக ஆக அது இரண்டு மடங்காகும். அதற்கான கடிகாரம் அண்ணனின் போனில் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் அது சிறு தொகைதான், காத்திருந்தால் நஷ்டமில்லை. வந்த சீட்டையெல்லாம் கீழே போட்டேன். "ஏக்கா, ஆட வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்றான் தம்பி. டீ கொடுத்துக்கொண்டே இவர்களை எத்தனை லீவு பார்த்திருக்கிறேன். நல்ல சீட்டு வந்தால் அண்ணன் பேச்சை நிறுத்துவான். ஒன்றுமில்லாதபோது தம்பி காயை அள்ளி வைப்பான். என் கையில் இரண்டு ராஜாக்கள் வந்த நேரம் அவன் அள்ளி வைத்தான். நானும் முழுவதையும் வைத்தேன். அவன் கதை முடிந்தது.

சித்தப்பா மகன்களும் போய், அண்ணனும் நானும் மிஞ்சியபோது சாயங்காலக் கோயில் மணி அடித்தது. காலை, மதியம், மாலை ஜெபத்துக்கு அடிக்கிற அந்தத் திரிகால மணி கேட்டால் எங்கள் வீட்டில் எந்த வேலையும் நின்றுவிடும். அப்பாவின் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டோம். ஜெபம் சொல்வது எப்போதும் நான். அண்ணன் போனில் ஓடிய கடிகாரத்தை நிறுத்த மறந்திருந்தான். காய் என்னிடம் அதிகம், அவனிடம் கொஞ்சம். திரிகால ஜெபத்தை முடித்துவிட்டு நீளமான தேவமாதா பிரார்த்தனையை ஆரம்பித்தேன், அதுவும் ராகம் போட்டு. அண்ணன் என்னை முறைத்தான். ஆனால் அப்பா முன்னால் ஜெபத்தைச் சுருக்கச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. நாங்கள் எழுந்து வந்தபோது கட்டாயக் காயே அவன் குவியலில் பாதியைத் தின்னும் அளவுக்கு ஏறியிருந்தது. இரண்டே ஆட்டத்தில் அவனும் வெளியே.

"சரி, சரி, பேசிக்கலாம்" என்றான்.

பேச்சு தள்ளிக்கொண்டே போனது. ஆள் வைப்போம் என்றான், பெரியவர்களைக் கேட்போம் என்றான். போகாதே என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்புறம்தான் உறைத்தது, இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று. என் விசாவின் தேதி ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தாலே நான் கரைந்துவிடுவேன். அண்ணன் கப்பலேறினான். முதலில் தோற்ற தம்பியும் அடுத்து தன் பெட்டியை அடுக்கினான்.

போக்கரில் காய் கரைந்து முடிவதற்குள், எதிராளிக்கு வலிக்கிற அளவு கையில் இருக்கும்போதே, இருக்கிற எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும். தம்பி கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நான் கிளம்பினேன். அப்பாவிடம் மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். அசைகிற கையால் என் நெற்றியில் சிலுவை போட்டார். தம்பியை எழுப்பி, "நான் போறேன். அப்பாவப் பாத்துக்க" என்றேன். அவன் கனவென்று நினைத்திருக்க வேண்டும்.

விமானத்துக்காக ஏறிய திருவனந்தபுரம் பஸ் நாகர்கோவிலைத் தாண்டும்போது தம்பியின் போன் வந்தது. திட்டப்போகிறான் என்று நானும் வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அக்கா," என்றான், "அப்பாக்கு ஊசி சாப்பாட்டுக்கு முன்னயா, பொறவா?"

முன்னால் என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எல்லாம் ஆத்திரம். இதைக் கேட்க அவனுக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.