ஆந்தையின் இடது கண்

இது நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் மச்சான் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் அந்தத் தலை சுக்குநூறாக வெடிக்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது. தெரிந்தால் அதையும் செய்திருப்பேன்.

இருட்டு, இடி, ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்தது பகல் பேய். மதியச் சாப்பாடு முடிந்து வீடே கண் அயரும் நேரத்தில் வரும். சாயங்கால டீயோடு ஓய்ந்துவிடும். ராத்திரியில் அதற்கும் தூக்கம் வேண்டும் போலிருக்கிறது. அதன் குறட்டையைக்கூட நான் கேட்டிருக்கிறேன். குறட்டை விடும் பேயை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

நான் பல் செட் செய்து பிழைத்தவன். ஊரில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரித்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. அப்போதுதான் மச்சானுடைய சிடி மூட்டைகள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தன.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். வாடகைக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு சிடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். நடு ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் உங்களைப் பார்ப்பார். பிறகு "ஹா" என்று வாயால் ஊதுவார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாகத் துடைப்பார். வட்டமாகத் துடைத்தால் பாழாகிவிடுமாம். கடைசியில் "கீறல்" என்பார். அவ்வளவுதான். குழந்தை முகத்தில் மறு இருந்தால்கூட "கீறல்" என்று சொல்லக்கூடிய மனிதர்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். செத்தவர் தலையில் செய்த சத்தியம் செல்லுமா என்று நீங்கள் கேட்கலாம். தலை தலைதான்.

மூன்று மூட்டை சிடி. யாரும் சீண்டாத சரக்கு. ஆனால் வெயிலில் ஒன்றைத் திருப்பினேன் பாருங்கள், சுவரெல்லாம் வானவில். இதை வெட்டி ஒட்டினால் என்ன என்று தோன்றியது. சிடியை அப்படியே வெட்டினால் நொறுங்கும், வெள்ளிப் பூச்சு உரிந்து செதிலாகும். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்து, சூடாக இருக்கும்போதே கத்தரியை வைத்தால் சொன்னபடி கேட்கும். துண்டுகளைப் பலகையில் ஒட்டி, இடைவெளியில் வெள்ளைச் சாந்து பூசி, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பல் வரிசைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இது கடிக்காது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு புகைப்படச் சட்டம். பிறகு பூந்தொட்டி. பிறகு குளியலறைக் கண்ணாடியைச் சுற்றி ஒரு ஓரம். அதில் முகம் பார்த்த மாப்பிள்ளை, தனக்கு ஒளிவட்டம் வந்துவிட்டதாகக் கொஞ்ச நாள் நடந்துகொண்டார்.

பிறகு அவர் காலில் ஒரு சில்லு ஏறியது.

என் மகள் அதிகம் பேசமாட்டாள். நொண்டிக்கொண்டிருந்த புருஷனை உட்காரவைத்து மருந்து போட்டுவிட்டு மாடி ஏறி வந்தாள். என் மேசை, கத்தரி, பசை, மூட்டை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம்ப்பா. அந்த ஆந்தைய முடிச்சு ஹால்ல மாட்டணும். முடியலன்னா மேசையோட சேத்து எல்லாம் பழைய சாமான்காரருக்கு."

ஆந்தை என்று அவள் சொன்னது என் பெரிய வேலையை. ஒரு ஆள் நெஞ்சகலப் பலகை. இறகுக்கு நூற்றுக்கணக்கில் சில்லுகள். கண்ணுக்கு மட்டும் சிடியின் நடுவில் இருக்கிற தெளிந்த வளையம், ஓட்டையோடு, முழுசாக. மேசை போனால் எனக்கு என்ன மிச்சம்? டிவி பார்த்துக்கொண்டு கொட்டாவி விடுவதுதான். அதைவிட நான் பேயாகப் போவேன்.

பேய்க்கு அது கேட்டுவிட்டது போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை. சாப்பிட்டுவிட்டுச் சின்னத் தூக்கம் போட்டு எழுந்தேன். கிண்ணத்தில் குலுக்கிப் போட்டிருந்த சில்லுகள் பளபளவென்று இருந்தன. பசைக் கறை இல்லை, விரல் ரேகை இல்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். துடைத்த தடம் தெரிந்தது.

நேர்க்கோடு.

மகள் துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மகள் இந்த அறையில் பெருக்கக்கூட மாட்டாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை இன்னும் மோசம். காலையில் வெட்டிக் குவித்த சில்லுகளில் ஒரு பகுதி மேசை நடுவில் இருந்தது. குவியலாக இல்லை. வட்டமாக. ஒவ்வொரு சில்லும் தன் பக்கத்துச் சில்லோடு பொருந்தி, ஒரு முழு சிடி. பசை கிடையாது. ஊதினால் கலைந்துவிடும். வெட்டிய நானே எது எதோடு சேரும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சில்லுகளை எடுத்து, பொறுமையாக, ஒன்றுகூட மாறாமல்...

அந்த வட்டத்தின் மேல் ஒரு பழைய கீறல், சில்லு விட்டுச் சில்லு தாண்டி, உடையாமல் ஓடியது.

இந்த இடத்தில் நல்ல மனிதர்கள் கத்திக்கொண்டு கீழே ஓடுவார்கள். நான் ஓடவில்லை. கீழே ஓடி மகளிடம் என்ன சொல்வது? செத்துப்போன உன் மாமா வந்து என் சில்லை ஒட்டுகிறார் என்றா? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாள். பழைய சாமான்காரரை அன்றைக்கே கூப்பிட்டிருப்பாள்.

கத்தரியை எடுத்தேன். அந்த வட்டத்தில் இருந்த ஒவ்வொரு சில்லையும் மறுபடி இரண்டாக வெட்டினேன்.

வியாழக்கிழமை அந்தப் பாதிச் சில்லுகளும் வட்டமாக இருந்தன.

மறுபடி வெட்டினேன். பேய்க்குப் பொறுமை அதிகமா எனக்கா என்று பார்த்துவிடலாம் என்று இருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு மேடு பள்ளம் இழைத்த கை இது. வேறு வேறு சிடியின் சில்லுகளை ஒன்றாகக் கலந்து, வேண்டுமென்றே தாறுமாறாகப் பலகையில் ஒட்டினேன். சாந்தையும் பூசினேன். இனி எந்தப் பேயாலும் பிரிக்க முடியாது. ஒரு இறக்கை முடிந்தது. சாயங்காலத்துக்குள் இன்னொன்று. வெள்ளிக்கிழமை வயிறும் முடிந்தது.

சனிக்கிழமை காலையில் ஆந்தைக்குக் கண்கள் மட்டும் பாக்கி. வலது கண்ணை ஒட்டினேன். இடது கண்ணுக்கு வைத்திருந்த வளையத்தைத் தேடினேன்.

காணோம்.

மேசைக்கு அடியில் பார்த்தேன். சட்டைப் பையில் பார்த்தேன். பசை டப்பாவுக்குள்ளும் விரலை விட்டுத் துழாவினேன். இல்லை. வேறு சிடி எடுத்து வளையம் வெட்டலாம் என்று மூட்டையை அவிழ்த்தேன். மூன்று மூட்டையும் காலி. ஒரு சிடி இல்லை. ராத்திரி வரைக்கும் இருந்த சரக்கு.

ஒற்றைக் கண் ஆந்தை. நாளைக்கு ஞாயிறு.

ஆனால் மூட்டையின் அடியில், கோணிக்கும் கோணிக்கும் நடுவில், கையில் ஏதோ தட்டுப்பட்டது. உறைக்குள் ஒரே ஒரு சிடி. பேய் கவனிக்காமல் விட்டது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். மச்சானின் கல்யாண வீடியோ. கடையில் அவர் யாருக்கும் வாடகைக்குத் தராத ஒரே சிடி. தனக்கே தரமாட்டார். போட்டுப் பார்த்தால் தேயுமாம்.

நான் வெந்நீர் வைத்தேன்.

தேடியதிலேயே பொழுது போயிருந்தது. மணி மூன்று பத்து. கீழே மிக்ஸி நின்றது. தெருவில் சத்தம் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் வந்து ஆந்தைமேல் விழுந்தது. மேலே கூரையெல்லாம் வானவில் பொட்டுகள். நூறு, இருநூறு. அசையாமல் இருந்தன.

பிறகு அசைந்தன.

ஆந்தையை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. ஆனாலும் பொட்டுகள் கூரையில் மெதுவாக நகர்ந்தன. ஜன்னலுக்கும் பலகைக்கும் நடுவில் யாரோ நடந்து போனால் எப்படி ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எரியுமோ, அப்படி.

மாடியின் பழைய மரத்தரை முனகியது... க்ரீச்.

என் பற்கள் தடதடவென்று அடித்துக்கொண்டன. அவை அப்போது என் வாயில் இல்லை. மேசைமேல் கிண்ணத்தில் இருந்தன.

நான் நிமிரவில்லை.

இன்னொரு க்ரீச்.

பக்கத்தில்... இன்னும் பக்கத்தில்...

பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு.

"ஹா."

நிமிர்ந்தேன்.

முகத்துக்கு நேராக ஒரு வளையம். என் வளையம். ஆந்தையின் இடது கண். வெயிலில் பளிச்சென்று, உயரத்தில் நின்றது.

ஓட்டைக்குப் பின்னால்...

ஒரு கண்.

அது இமைத்தது.

இந்த இடத்தில் என் நாக்கு உள்ளே போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எழுத மாட்டேன். உண்மையை மட்டும் எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். பல்லை எடுத்து மாட்டிக்கொண்டேன். பல் இல்லாமல் பேசினால் பேயே மதிக்காது. கல்யாண சிடியை உறையிலிருந்து உருவினேன். வெந்நீருக்கு மேலே பிடித்தேன். இன்னொரு கையில் கத்தரி.

"மச்சான், உயிரோட இருந்தப்பவே உங்களுக்கு நான் பயந்ததில்ல. கண்ண வைங்க. இல்லேன்னா இதுல இருக்கிற மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரையும் வெந்நீர்ல விட்டுருவேன்."

கண் என் கையைப் பார்த்தது. பிறகு சிடியைப் பார்த்தது.

ஆவி எழும்பிச் சிடியின் அடியில் படிந்தது.

ஒரு சொட்டு... சொட்டென்று விழுந்தது.

"கீறல் விழுந்துரும்," என்றது குரல். அதே குரல். கரகரப்புக்கூடக் குறையவில்லை.

"விழட்டும்."

"எடு கைய."

"கண்ண வைங்க."

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. சிடி பிடித்த கையை நான் எடுக்கவில்லை. அதுதான் கணக்கு.

டிக்.

வளையம் மேசைமேல் விழுந்தது. டிக்... டிக்... என்று உருண்டது. பசை டப்பாவில் முட்டி, சாய்ந்து, படுத்தது.

அப்போது படியில் காலடி. மகள். நான் சிடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். கதவு திறந்தது. செத்தவரோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தால் மேசை போய்விடும், ஆந்தை போய்விடும், நானும் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பி ராகம் இழுத்தேன். என் வாழ்க்கையில் நான் பாடியதே இல்லை.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, எனக்குப் பின்னால், ஜன்னல் ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள்.

கையில் இருந்த தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தட்டில் டீ இருந்தது. இரண்டு டம்ளர்.

நான் ஒரு ஆள்.

ஒன்றை எடுத்துக் குடித்தேன். சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அந்த வீட்டில் சர்க்கரை வியாதி இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், மச்சானுக்கு.

முதுகெலும்பில் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைக் குடித்தேன். அதில் சரியாக இருந்தது. இடது கண்ணை எடுத்தேன். பசை தடவினேன். ஒட்டினேன். பசை காய்ந்ததும் திரும்பிப் பார்த்தேன்.

முதல் டம்ளர் காலி.

ஞாயிற்றுக்கிழமை ஆந்தை ஹாலில் ஏறியது. மாப்பிள்ளை ஆணி அடித்தார். மகள் தள்ளி நின்று பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. "அந்த மேசைக்கு ஒரு விரிப்பு வாங்கணும், சில்லு கீழ விழாம," என்றாள். எனக்கு அது போதும். மேசை என்னுடையது. அடுத்து ஒரு குதிரை செய்வதாக இருக்கிறேன். காணாமல் போன சிடிகள் எல்லாம் ஒரு கட்டிலுக்கு அடியில் கிடைத்துவிட்டன. எப்படி அங்கே போயின என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

பேய் ஓயவில்லை. இன்றைக்கும் காலையில் ஹாலுக்குப் போனால் ஆந்தையின் இடது கண் மட்டும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நேர்க்கோட்டுத் தடம். நான் என் கட்டை விரலால் ஒரு ரேகை பதித்துவிட்டு வருவேன். மறுநாள் அது இருக்காது. மறுபடி பதிப்பேன். இதில் நான் தோற்பதாக இல்லை.

அந்தக் கல்யாண சிடி பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். அவர் படிப்பார்.

நடந்தது இவ்வளவுதான். ஒரே ஒரு தகவல் மட்டும் விட்டுப்போயிற்று. மச்சான் சாகவில்லை. போன வருஷம் கடையை மூடிவிட்டு, மூன்று மூட்டை சிடியோடு என் அறைக்குக் குடிவந்தார். எதிர்க் கட்டிலில்தான் இருக்கிறார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இப்போது தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.