ஐயாவின் பெற்றோல்மாக்ஸ்

புயலுக்குப் பிறகு மூன்றாம் நாளும் உடுப்பிட்டியில் கரண்ட் வரவில்லை. பின்னேரம் மூன்று மணிபோல, அக்கா பரணில் கிடந்த பெற்றோல்மாக்ஸ் விளக்கை இறக்கித் தூசி தட்டி என் முன்னால் வைத்தாள். எண்ணெய் விட்டுப் பம்ப் அடித்தால், எண்ணெயைத் திறந்து மூடும் சின்னச் சக்கரமான சில்லின் அடியிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பொழுதுபடுவதற்குள் திருத்தித் தரவேண்டும் என்பது அவளுடைய கட்டளை. முந்தின நாள் இருட்டத் தொடங்கியதும் ஐயா வாசல் படலையைத் திறந்துகொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று ஒழுங்கையில் இறங்கிவிட்டார். வீட்டிலிருந்துதான் வீட்டுக்குப் புறப்பட்டார். மெழுகுதிரி வெளிச்சம் அவருக்குக் காணாது.

எங்கள் வீட்டில் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டு போகிறது, அடையாளம் தெரிகிற காலத்திலேயே வந்து பார்த்துவிட்டுப் போ என்று அக்கா தைப்பொங்கலுக்கு முன்பே கொழும்புக்குப் போன் எடுத்துச் சொன்னாள். நான் வந்தது கார்த்திகையில். லீவு தரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை.

வந்து நாலு நாளாகிறது. ஐயா என்னை "நீங்கள்" என்கிறார். என்னைக் காட்டி, உவர் யார், சாப்பிட்டாரா என்று அக்காவிடம் மரியாதையாக விசாரிக்கிறார். நாளை மறுநாள் காலை எனக்கு பஸ். அதற்குள் ஒரு தரம், ஒரேயொரு தரம், "உவன்" என்று சொன்னால் போதும் என்றிருந்தது. எங்கள் ஊரில் கிட்ட நிற்பவன் இவன், தூரத்தில் இருப்பவன் அவன், இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் உவன். சின்ன வயதில் ஐயாவின் வாயில் நான் எப்போதும் உவன்தான். உவனுக்குச் சொல்லு, உவனை எழுப்பு, உவன் உருப்படமாட்டான். அந்த உகரத்தைக் கேட்டு அலுவலகத்தில் யாரோ சிரித்தார்கள் என்று, கொழும்பில் நான் அதை விட்டுவிட்டேன்.

கவலையாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் நாலு நாளும் இருந்தேன்.

முற்றத்தில் சாக்கை விரித்து விளக்கை வைத்தேன். ஐயா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தாங்கியில் இருந்த காற்றைத் திறந்துவிட்டு, சில்லைக் கழற்றி, அதன் அடியில் இருந்த சின்ன நட்டை ஸ்பானரால் திருப்பினேன். சில்லின் தண்டைச் சுற்றியிருந்த அடைப்பு கரிந்து தூளாகக் கொட்டியது. ஒழுக்கு அதனால்தான். புது அடைப்பு வாங்க, புயலுக்குப் பிறகு எந்தக் கடை திறந்திருக்கும்? சண்டைக் காலத்தில் ஐயா தையல் நூலில் சவுக்காரம் தேய்த்துச் சுற்றுவார். சவுக்காரத்தை மண்ணெண்ணெய் கரைக்காது. நான் அக்காவிடம் நூலும் ஒரு துண்டு சவுக்காரமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐயா கையை நீட்டினார். "உதைத் தாங்கோ."

ஸ்பானரைக் கொடுத்தேன். தலையாட்டி மறுத்தார். நட்டை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் இல்லை. எதைக் கேட்கிறார் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். "உன்ரை கையிலை கிடக்கிறதைத்தான் கேக்கிறார்" என்றாள் அக்கா. உனக்குத் தமிழும் மறந்து போச்சுதோ என்று ஒரு நக்கல் வேறு. அப்போதுதான் கையில் இருந்த நூலைப் பார்த்தேன்.

நூலை வாங்கி, ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, சவுக்காரத்தை மேலும் கீழுமாகத் தேய்த்தார். மகளின் பெயர் காலையில் மறந்து போகிற மனிதரின் விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. தேய்த்து முடித்து நூலை என்னிடம் தந்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு என்றேன். தூரம்தான் என்றார்.

நூலைத் தண்டில் சுற்றி, ஊசியால் உள்ளே தள்ளி, நட்டைப் பூட்டினேன். ஸ்பானர் கையில் இருந்தால் இனி இறுகாது என்னும்வரை இறுக்குவது என்னுடைய வழக்கம். இறுக்கினேன். சில்லைப் போட்டுத் திருப்பினால் அசையவில்லை.

ஐயா குனிந்து பார்த்தார். முகத்தில் பழைய கோபம் வருவதுபோல இருந்தது. நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"உவ்வளவுக்கு இறுக்கப்படாது" என்றார். "இரண்டு விரலாலை திரும்பவேணும்." பிறகு லேசாகச் சிரித்தார். "என்ரை மகனும் உப்பிடித்தான். எத்தினை தரம் சொன்னாலும் அவன் இறுக்கிப்போடுவான்."

அவன் என்றார். உவன் என்று சொல்லவில்லை.

நட்டைக் கால் சுற்று இளக்கினேன். சில்லு இரண்டு விரலால் திரும்பியது. பம்ப் அடித்து, சவுக்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. ஒழுக்கு நின்றுவிட்டது. அக்கா வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று உள்ளே போனாள்.

"அவனும் கொழும்பிலைதான்" என்றார் ஐயா. "உங்களுக்கு அவனைத் தெரியுமோ?"

தெரியும் என்றேன்.

"கண்டால் ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லுங்கோ."

"ஓம், ஐயா" என்றேன். வழியில் காணும் எந்தப் பெரியவரையும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.